ஒரு நாளைக்கு அறுபது வேளை

"இதனால் சகல குடிமக்களுக்கும் பேருவகையுடன் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் குடியரசில் பசி என்பது இன்று காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துடன் ஒழிந்தது. இந்த வரலாற்றுச் சாதனையைத் தலைமைக் காப்பாளர் அவர்கள் தமது நேரடி மேற்பார்வையில், தமது காலைச் சிற்றுண்டிக்குப் பின் நிறைவேற்றிவைத்தார்கள். குடிமக்கள் அனைவரும் எழுந்து நின்று, தத்தம் வயிற்றின்மீது வலக்கையை வைத்து ஒரு நிமிடம் நன்றி செலுத்த வேண்டும். ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து எழவும்."

தெருமுனை ஒலிபெருக்கி இதை முழங்கியபோது பூங்காவனம் நிறைவுச்சாலை வரிசையில் இருபத்தெட்டாவது ஆளாக நின்றாள். ரேஷன் கடைக்கு அரசு வைத்த பெயர் நிறைவுச்சாலை. வரிசை மொத்தமும் ஆணைப்படி உட்கார்ந்து எழுந்தது. நாலு பேரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. மகிழ்ச்சி மிகுதியால் தளர்ந்துவிட்டார்கள் என்று காவலர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பூங்காவனத்துக்கு வயது நாற்பத்தொன்று. அரசு ஊழியை. இரண்டு வருடங்களுக்கு முன் குடியரசு தன் மக்கள் எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவியை ஒட்டியது. அதிகாரப்பூர்வப் பெயர் 'உணர்செவி'. மக்கள் அதை உண்ணி என்றார்கள். மாட்டுக் காதில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பதும் உண்ணிதானே என்று அதிகாரிகள் கோபித்தபோது, உண்பவர் என்ற பொருளில் சொன்னோம் என்று இலக்கணம் பேசித் தப்பித்தார்கள். அந்த உண்ணிகளுக்குப் பேட்டரி மாற்றுவது பூங்காவனத்தின் வேலை. நாளுக்கு அறுபது வீடு.

அவள் முறை வந்தது. கடைக்காரர் மாசிலாமணி அட்டையை வாங்கித் தேய்த்தார். திரையைப் பார்த்தார். இன்னொரு முறை தேய்த்தார்.

"அக்கா, உங்க அட்டை மூடிட்டாங்களே."

"மூடிட்டாங்கன்னா?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பூவேலைப்பாடு போட்ட கட்டத்துக்குள் எழுதியிருந்தது: 'இக்குடும்பம் நிறைந்துவிட்டது. மேற்கொண்டு நிறைக்க இயலாது. நன்றி.'

"பசி ஒழிஞ்சிருச்சுல்ல, அதனால புதுச் சட்டம். அளவுக்கு மேல சாப்பிட்டவங்களுக்குக் கிடையாதாம்."

"நானா? அளவுக்கு மேலயா?" பூங்காவனம் தன் வளையலை முழங்கை வரைக்கும் தள்ளிக் காட்டினாள். அது தடையில்லாமல் போனது.

"எனக்குத் தெரியுதுக்கா. மிஷினுக்குக் கண்ணு இல்ல, காதுதான். ஆபீஸ்ல போய்க் கேளுங்க." பிறகு, அவள் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், "காலையில சாப்டீங்களா?" என்றார்.

"ஆச்சு தம்பி," என்றாள் பூங்காவனம்.

அவள் காதுக்குப் பின்னால் 'டிக்' என்றது.

வீட்டில் மகள் உமையாள் ஏழாம் மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். மாப்பிள்ளைக்கு வடக்கே வளைவுத் தொழிற்சாலையில் வேலை. தலைமைக் காப்பாளர் வந்தாலும் வராவிட்டாலும் அவரை வரவேற்பதற்கான வளைவுகளை அங்கே செய்தார்கள். 'ஒரே அடுப்பு, ஒரே அட்டை' என்ற விதிப்படி உமையாளின் பெயர் அம்மா அட்டைக்கு மாறியிருந்தது. ஆகவே அம்மா நிறைந்தபோது சட்டப்படி மகளும் நிறைந்துவிட்டாள். போன வாரம் சோதித்த நர்ஸ், "ரத்தமே இல்லையேம்மா உனக்கு. இப்படியே போனா குழந்தை தேறாது. நல்லா சாப்பிடு," என்று சொல்லிவிட்டு, சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று கதவைப் பார்த்தாள்.

பானையில் ஓர் ஆள் கஞ்சி இருந்தது.

"சாப்டியாம்மா?" என்றாள் உமையாள்.

"ஆச்சு கண்ணு, வழியிலயே ஆச்சு. நீ குடி."

டிக்.

"எனக்கும் ஆச்சும்மா. பக்கத்து வீட்டு அத்தை குடுத்தாங்க."

டிக்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் சாப்பிட வைக்க மாறிமாறிப் பொய் சொன்னார்கள். கடைசியில் தாய்தான் ஜெயித்தாள். மகள் கஞ்சியைக் குடித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நிறைவு ஆய்வாளர் தாண்டவராயன் முன்னால் பூங்காவனம் நின்றாள். அவர் நெஞ்சில் மூன்று பதக்கங்கள் தொங்கின. நடுவில் இருந்தது, பசியை ஒருமுறைகூட நேரில் பார்க்காமலே ஒழித்ததற்காகக் கொடுத்தது. பக்கத்து மேசையில் எழுத்தர் ஆவுடையப்பன், கோப்புகளுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, உட்காரு. சாப்டாச்சா?" என்றார் ஆய்வாளர்.

"ஆச்சு சார்."

டிக். அவர் மேசைத் திரையில் ஓர் எண் கூடியது.

"பாத்தியா! என் கண்ணு முன்னாலயே ஒரு வேளை முடிச்சிட்டே!" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஆவுடையப்பன், இந்தம்மா கணக்கைப் படி."

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "குடிமகள் பூங்காவனம். ரெண்டு வருஷத்துல முப்பத்தாறாயிரம் வேளை. வேலை நாளுக்குச் சராசரியா அறுபது. அனுமதிச்ச மூணு வேளை போக, மிச்சத்தை முன்கூட்டியே சாப்பிட்டதா வச்சா..." விரலால் தடவிப் பார்த்தார். "முப்பது வருஷம் பத்து மாசம்."

"அதாவது, உன் எழுபத்தோராவது வயசு வரைக்கும் சாப்பிட்டு முடிச்சிட்டே," என்றார் ஆய்வாளர். "அதுக்கப்புறம் வா, தர்றோம். அரசாங்கம் யாரையும் கைவிடாது."

"சார், நான் போற வீட்டுல எல்லாம் கேப்பாங்க சார், சாப்டீங்களான்னு. ஆச்சுன்னு சொல்லுவேன். அது பேச்சுக்குச் சொல்றது."

"பேச்சுக்குன்னா?"

"வேற என்ன சார் சொல்றது? இல்லைன்னு சொன்னா, பானையில இருக்கற கடைசி அகப்பையை வழிச்சுப் போட்டுருவாங்க. அவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு."

"அப்ப அரசாங்கக் கருவிகிட்டப் பொய் சொன்னேங்கிறியா? அதுக்கு அஞ்சு வருஷம்."

"பொய்யில்ல சார்!"

"அப்ப சாப்பிட்டிருக்கே."



ஆய்வாளருக்கு இப்படிப்பட்ட இடங்களில் விளக்கம் சொல்வதில் தனி ருசி. "இதுக்கு முன்னால இருந்த அரசாங்கமெல்லாம் பசியை எப்படி ஒழிக்கப் பாத்தாங்க தெரியுமா? சோறு போட்டு!" சிரித்தார். எழுத்தரும் விதிப்படி சிரித்தார். "எவ்வளவு செலவு! நெல்லு, மூட்டை, லாரி, எலி. தலைமைக் காப்பாளர்தான் சொன்னாரு, சாப்டாங்களா இல்லையான்னு மக்களையே கேளுங்கடான்னு. கேக்கறதுக்கு ஒரு லட்சம் ஆள் எடுக்கலாம்னு இருந்தோம். பாத்தா, ஊரே ஒருத்தரையொருத்தர் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு. காலையில பாத்தா கேக்குறான், பஸ்ல கேக்குறான், போன் எடுத்தாக் கேக்குறான். சம்பளமே வாங்காம! நாங்க பண்ணினதெல்லாம், காதுகிட்ட ஒண்ணை ஒட்டி அதைக் கேட்டதுதான். ஒருத்தனாவது 'ஆகலை'ங்கறான்? கிடையாது. நம்ம குடிமகன் சராசரியா நாளுக்குப் பதினோரு வேளை சாப்பிடறான். உலகத்துல எந்த நாட்டுல உண்டு?"

"வயலெல்லாம் செவ்வந்தி போட்டிருக்காங்களே சார். அரிசி எங்கேருந்து வரும்?"

"பதினோரு வேளை சாப்பிடற நாட்டுக்கு எதுக்கும்மா அரிசி? மாலைக்குத்தான் தட்டுப்பாடு."

பூங்காவனம் கையைக் கூப்பினாள். "சார், என்னை விடுங்க. பொண்ணு மாசமா இருக்கா. அவ பங்கையாவது குடுங்க."

"உடந்தைக்குப் பங்கு கிடையாது. நேத்து மத்தியானம் ஒண்ணு பத்து, ஆவுடையப்பன்?"

எழுத்தர் குரலைத் தாழ்த்திப் படித்தார். "'ஆச்சு கண்ணு, வழியிலயே ஆச்சு. நீ குடி.' அதுக்கு மகள்: 'எனக்கும் ஆச்சும்மா. பக்கத்து வீட்டு அத்தை குடுத்தாங்க.'"

அந்த அறையில் அதைக் கேட்டபோதுதான், மகள் சொன்னதும் பொய் என்பதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லை என்பதே சாட்சி என்று பூங்காவனத்துக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்களை வேலை முகாமுக்குக் கொண்டுபோய் ஒரு மாதமாகிறது.

"இதைத் திருத்த வழியே இல்லையா சார்?"

"ஏன் இல்லாம? ஒன்பதாம் நம்பர் படிவம் இருக்கு. 'நான் சாப்பிடவில்லை'ன்னு உன் வாயால, கருவி கேக்கச் சொல்லணும். அவ்வளவுதான்."

"இப்பவே சொல்றேன் சார்."

"சொல்லு. தாராளமா சொல்லு." அவர் மேசை மேல் சாய்ந்தார். "ஆனா நேத்து காலை ஒன்பது பன்னிரண்டோட பசி ஒழிஞ்சாச்சு. அதுக்கப்புறம் சாப்பிடலைன்னு ஒருத்தர் சொன்னா, ஒழிஞ்ச பசியை வெளியிலேருந்து நாட்டுக்குள்ள கொண்டுவந்ததா அர்த்தம். கடத்தல் சட்டத்துல வரும். பன்னிரண்டு வருஷம்."

"ஜெயில்ல சோறு போடுவாங்களா சார்?"

"அங்கயும் கேப்பாங்கம்மா," என்றார் எழுத்தர், மெதுவாக. "சாப்டாச்சான்னு."

ஆய்வாளர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அரசின் சார்பில் பேசும்போது நிற்க வேண்டும் என்று விதி. "முறைப்படி கடைசியாக் கேக்கறேன். குடிமகள் பூங்காவனம், சாப்டாச்சா?"

ஆச்சு என்றால் சோறு இல்லை. இல்லை என்றால் ஜெயில். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பூங்காவனத்தின் நாக்கு இரண்டு பக்கமும் போய் முட்டிக்கொண்டு, நடுவில் கிடந்ததை எடுத்துப் போட்டது.

"இனிமேதான் சார்."

டிக் இல்லை.

உண்ணி 'கர்ர்ர்' என்றது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. இரண்டு வருடத்தில் அவள் உண்ணி இவ்வளவு நேரம் யோசித்ததில்லை. பிறகு ஆய்வாளரின் மேசை அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. எழுத்தர் எடுத்துப் படித்தார்.

"'எதிர்கால உணவு: ஒன்று. தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் வழங்குக. தவறினால் உடனிருக்கும் அதிகாரி பொறுப்பு.'"

"என்னய்யா இது?"

"சாப்பிடலைன்னு அவங்க சொல்லலையே சார். இனிமே சாப்பிடப் போறதாத்தான் சொல்லியிருக்காங்க. இனிமே நடக்கப் போறதுன்னா அது திட்டம். நம்ம நாட்டுல இதுவரைக்கும் திட்டம் தவறினதே இல்லைன்னு அரசியல் சாசனமே சொல்லுது. தவறினா அது சதி." ஆவுடையப்பன் தாளை மேசையில் வைத்துத் தேதி பார்த்தார். "உடனிருக்கும் அதிகாரி நீங்கதான் சார்."

ஆய்வாளர் திரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தன் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். பின்பு மேசைக்கு அடியில் குனிந்து தன்னுடைய நாலடுக்குக் கேரியரை எடுத்தார். பதக்கம் வாங்கும்போதுகூட அவர் முகம் அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டதில்லை.

பூங்காவனம் அதை மூடி திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனாள். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம், நாலாவது அடுக்கில் ரவா கேசரி. உமையாள் கேசரியைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். இரண்டாவது அடுக்கைக் கையில் எடுத்தபோது கேட்டாள்.

"நீ சாப்டியாம்மா?"

"இனிமேதான்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் மகளிடம் சொன்ன உண்மை அது.

மறுநாள் அறுபது வீடுகளில் அவள் பேட்டரி மாற்றினாள். அறுபது வீட்டிலும் கேட்டார்கள். "இனிமேதான், நீங்க?" என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். அவள் காது 'டிக்' என்னாததையும், சாயங்காலம் சீருடை போட்ட ஓர் அதிகாரி வியர்க்க வியர்க்க அவள் வாசலில் பொட்டலம் வைத்துவிட்டுப் போனதையும் தெரு பார்த்தது. வாய் திறந்து யாரும் எதையும் விளக்கவில்லை, ஏனென்றால் விளக்கினால் உண்ணிக்குக் கேட்கும். ஆனால் 'இனிமேதான்' ஊருக்கு ஊர் பரவியது. நாலாம் நாள் மாவட்டமே இனிமேல்தான் சாப்பிடுவதாக இருந்தது. ஏழாம் நாள் தலைநகரில் போலீஸ்காரர்கள்கூட அப்படித்தான் பதில் சொன்னார்கள்.

திட்டம் ஓடியது. முதலில் அதிகாரிகளின் கேரியர்கள் போயின. பிறகு பேரவை விருந்து மண்டபத்து முந்திரியும் நெய்யும். பிறகு ராணுவத்தின் பிஸ்கெட். பதினொரு நாள் நாடு சாப்பிட்டது. உமையாள் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. ஒன்பதாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இங்க கை வச்சுப் பாரும்மா, உதைக்குது," என்றாள். அதற்கு முன்னால் அது உதைத்து ஒரு மாதமாகியிருந்தது என்று அப்போதுதான் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் மையக் களஞ்சியத்தைத் திறக்க உத்தரவானது. நூறு லாரிகள் வரிசையில் நின்றன. வாத்தியம் முழங்கியது. அமைச்சர் ரிப்பனை வெட்டினார். கதவைத் திறந்தார்கள். உள்ளே தலைமைக் காப்பாளரின் ஆளுயரப் படம் ஒன்றும் துடைப்பம் ஒன்றும் இருந்தன. ஒளிபரப்பு அந்த இடத்தில் தடைபட்டு, செவ்வந்தித் தோட்டம் காட்டப்பட்டது.

அன்று மாலையே அடுத்த அறிவிப்பு வந்தது. நம் குடியரசில் எல்லாமே ஆகிவிட்டபடியால், 'இனிமேல்' என்பது இன்றுடன் ஒழிக்கப்படுகிறது. இனிமேல் யாரும் இனிமேல் என்று சொல்லக் கூடாது. இந்த வாக்கியத்தைப் படித்த அறிவிப்பாளர் மறுநாளிலிருந்து வானொலிக்கு வரவில்லை.

உண்ணிகளும் திருத்தப்பட்டன. பதில்தானே குழப்பம்? பதிலே வேண்டாம் என்று நிபுணர் குழு முடிவு செய்தது. சாப்டாச்சா என்று ஒருவரைக் கேட்டாலே அவர் சாப்பிட்டதாக ஆகிவிடும். புதிய பேட்டரியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அதை வீடு வீடாகப் போய் மாட்டியது பூங்காவனம். மாட்டாவிட்டால் வேலை போகும். வேலை போனால் பேறுகால ஆஸ்பத்திரியில் மகளுக்குக் கட்டில் கிடையாது.

அறுபது வீட்டுக்காரர்களும் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில், "வாங்கக்கா, சாப்..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள்மேல் ரொம்பப் பிரியமானவர்கள் அவள் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உமையாளும் பூங்காவனமும் வீட்டில் மழையைப் பற்றிப் பேசினார்கள். கதவிடுக்கைப் பற்றிப் பேசினார்கள். நாட்டின் சராசரி பதினொன்றிலிருந்து இரண்டாக விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்த, பேரவைத் தொண்டர்கள் நாளுக்குப் பதினோரு முறை தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சாப்டாச்சா?" என்று கத்திவிட்டு வந்தார்கள். சராசரி பதிமூன்றைத் தொட்டது.

ஒன்பதாம் மாதம் பிறப்பதற்கு முன்பே உமையாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஆய்வாளர் தாண்டவராயன் இரண்டு புகைப்படக்காரர்களோடும் ஒரு கூடைச் செவ்வந்தியோடும் வந்தார். களஞ்சிய விவகாரத்துக்குப் பிறகு அரசுக்கு நன்றாகச் சாப்பிட்ட ஓர் ஆள் அவசரமாகத் தேவைப்பட்டார். கோப்புகளைத் தேடியதில், நாட்டிலேயே அதிகம் உண்டவர் பூங்காவனம்தான் என்று தெரிந்தது. அவள் மேலிருந்த வழக்கு அப்படியே விருதாக மாற்றப்பட்டது. எண்ணைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

"இப்படி நில்லும்மா. சிரி," என்றார் ஆய்வாளர். படத்தில் எடுப்பாக இல்லை என்று புகைப்படக்காரர் முணுமுணுத்தார். ஆயா ஒரு தலையணையைக் கொண்டுவந்து பூங்காவனத்தின் சேலைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டினாள்.

"சார், என் பொண்ணுக்கு எதாவது..." என்றாள் பூங்காவனம்.

"எல்லாம் ஆகும். மொதல்ல படம்."

பதக்கம் தலையணையின் மேல் குத்தப்பட்டது. ஆய்வாளர் உரையாற்றினார். "முப்பத்தாறாயிரம் வேளை உண்ட இந்தத் தாயைப் பாருங்கள்! இவர் மகளைப் பாருங்கள்! பசி என்ற சொல்லையே அறியாத முதல் தலைமுறை, இதோ இந்தத் தொட்டிலில் பிறந்திருக்கிறது!" கை தட்டினார்கள். உணர்ச்சிப் பெருக்கில் அவர் தொட்டிலின் மேல் குனிந்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "என்ன குட்டி, சாப்டாச்சா?"

அன்று காலைதான் ஒட்டியிருந்தார்கள். குழந்தையின் காதுக்குப் பின்னால் 'டிக்' என்றது. மறுபடி கைதட்டல்.

குழந்தை அழுதது. நர்ஸ் பிறப்புப் படிவத்தை எடுத்தாள். 'அழுகைக்கான காரணம்' என்ற இடத்தில் மகிழ்ச்சி, நாட்டுப்பற்று, வாயு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வாயுவில் குறி போட்டாள். ஆய்வாளர் கையெழுத்திட்டார். பூக்கூடையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு எல்லோரும் அடுத்த வார்டுக்குப் போனார்கள்.

உமையாளுக்குப் பால் சுரக்கவில்லை.